வெள்ளைப் போர்வைக்கு அடியில் ஓர் இன்ஜின்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து நீ போன் செய்தபோது அம்மாவிடம் வெகுநேரம் பேசினாய். மெஸ் சாப்பாடு, விடாத மழை, பக்கத்துக் கட்டில் பெண்ணின் குறட்டை, எல்லாம் பேசினாய். அம்மா ரிசீவரை என் பக்கம் நீட்டியதும், "சாப்டீங்களாப்பா? உடம்பப் பாத்துக்குங்க. பஸ்ஸு வந்துடுச்சு, வச்சிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். உன் ஹாஸ்டல் வாசலில் பஸ் நிற்காது என்பது எனக்குத் தெரியும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன்னை அங்கே கொண்டுபோய் விட்டவனே நான்தானே. எனக்குக் கோபமில்லை. என்னிடம் பேச உனக்கு எதுவும் மிச்சமில்லாமல் செய்தவனும் நான்தான்.

இதை ஓர் உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். ஆனால் நான் உன்னை மறைத்தது நாலு பேர் முன்னால். வெட்கப்படுவதை மட்டும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் அதுவும் இன்னொரு மறைப்புதான். அதனால் நம் ஊரில் எல்லோரும் புரட்டிப் பார்க்கும் மாத இதழுக்கே இதைக் கொடுத்துவிட்டேன். படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே நான் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுத்தபோது வகுப்பில் நீ ஒருத்திதான் பெண். படிப்பு முடிந்து நெய்வேலிப் பக்கம் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வேலையும் கிடைத்தது. ஆனால் உன்னை வாசல் மேஜையில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்களைக் கும்பிட்டு, காரில் என்ன கோளாறு என்று கேட்டு எழுதி, உள்ளே இருக்கும் பையன்களிடம் கொடுப்பதுதான் வேலை. வண்டி வாசலுக்கு வரும் சத்தத்திலேயே கோளாறு என்னவென்று உனக்குத் தெரிந்துவிடும். உள்ளே அவர்கள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். சிரிப்புக்குள் இருந்த எரிச்சல் எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டது. உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. புடவை கட்டி, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கும் வேலை, கல்யாணச் சந்தையில் சொல்லிக்கொள்ளும்படியான வேலை என்று நினைத்தேன்.

அப்போதுதான் பல் டாக்டரின் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ரெண்டே பேர் உட்காரும் சிவப்புக் கார். யாரோ வெளிநாடு போகிறவரிடமிருந்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். எங்கே நிறுத்தினாலும் அங்கே ஒரு கறுப்புக் குட்டை. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருமிடத்தில் இருக்கும் ஆயில் சீல் போய்விட்டது, இன்ஜினையே வெளியே எடுத்தால்தான் அதைத் தொட முடியும் என்று நீ எனக்கு விளக்கினாய். சர்வீஸ் சென்டரில் யாரும் தொட மாட்டேன் என்றார்கள். நீ போய்க் கேட்டாய். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "வூட்ல வச்சு செஞ்சு காட்டும்மா. நல்லா வந்துச்சுன்னா உன்னைய உள்ள வேலைக்கு உட்டுடறேன்" என்றாராம். அவர் விளையாட்டாகச் சொன்னதை நீ வாக்காக எடுத்துக்கொண்டு, லீவு போட்டு, டாக்டரிடமும் சம்மதம் வாங்கி, ஓட்டைக் காரை ஓட்டிக்கொண்டு நம் தெருவுக்குள் வந்து இறங்கினாய்.

அன்று சாயங்காலம் டீக்கடையில், "என்னாங்க, உங்க வூட்டு வாசல்ல செவப்பா ஒரு காரு நிக்குது?" என்று கேட்டார்கள். நான் டீயை ஆற்றிக்கொண்டே, "மச்சான் பையன் ரிப்பேர் பாக்க எடுத்தாந்திருக்கான்" என்றேன். அப்படி ஒரு மச்சான் பையன் நமக்குக் கிடையாது. யோசித்துச் சொன்ன பொய்யும் இல்லை, எச்சில் ஊறுவது மாதிரி தானாக வந்தது. ஆரம்பம் அங்கேதான்.

ஆனால் அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் என் வாழ்க்கையில் வந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் பீங்கான் பொம்மை யூனிட்டில் கேட்டு, பாரம் தூக்கும் செயின் பிளாக்கையும் மூன்று இரும்புக் குழாயையும் டிரை சைக்கிளில் கொண்டுவந்தேன். வாசல் தகரக் கொட்டகைக்குள் முக்காலி போல நிறுத்திக் கட்டினோம். நீ ஒவ்வொரு ஒயரையும் கழற்றி, பிளாஸ்திரி சுற்றி, அதில் பேனாவால் அடையாளம் போட்டாய். போல்ட்டுகளைப் போட்டு வைக்க யூனிட்டில் தேய்ந்து ஒதுக்கிய பொம்மை அச்சுகளைக் கேட்டாய். செட்டியார் பொம்மையின் தொப்பைக்குள் கியர் பாக்ஸ் போல்ட்டு, செட்டியாரம்மாவின் கொண்டைக்குள் ரேடியேட்டர் போல்ட்டு. "மெதுவாப்பா, மெதுவா, ஒரு பல்லு எறக்குங்க" என்று நீ சொல்லச் சொல்ல நான் சங்கிலியை இழுத்தேன். இன்ஜின் அசைந்து, ஆடி, மேலே வந்தபோது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். "பாத்து, கால்ல போட்டுக்கப் போற" என்றுதான் சொன்னேன்.

ஆயில் சீலைக் கழற்றியதும் அடியில் எண்ணெய்த் தொட்டியின் பேக்கிங்கும் போயிருப்பதைக் கண்டாய். இன்ஜினைத் தலைகீழாகத் திருப்பி, பழைய டயர் மேல் உட்கார வைத்து, தொட்டியைக் கழற்றினாய். உள்ளே சுழலும் கிராங்க் தண்டெல்லாம் திறந்து தெரிந்தது. அந்த நிலையில்தான் சேத்தியாத்தோப்பிலிருந்து போன் வந்தது. புரோக்கர் மூலம் ஜாதகம் கொடுத்திருந்தோமே, அந்த வீடு. திட்டக்குடியில் ஒரு விசேஷத்துக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில், "உங்க வூட்டையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடறோங்க" என்றார் பையனின் அப்பா. பையன் வரவில்லை, அவரும் அவர் வீட்டம்மாவும் மட்டும்.

நீ பதறவில்லை. நான்தான் பதறினேன். காரைத் தள்ளிப் பக்கத்துத் தெருவில் விட்டுவரச் சொன்னேன். நீ முகத்தைக்கூடச் சுளிக்காமல் தெருப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவந்தாய். பிறகு குளிக்கப் போகும்போது வாசலில் நின்று, "அப்பா, இன்ஜின் வயிறு தொறந்து கெடக்குது. மண்ணு தூசி படக் கூடாது. சுத்தமான துணி மட்டும் போத்துங்க, வேற ஒண்ணும் பண்ணாதீங்க" என்று சொன்னாய். தெளிவாகச் சொன்னாய். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

வெள்ளைப் போர்வை ஒன்றைப் போர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் போர்வையில் கறுப்பாக எண்ணெய் ஊறியது. தரை முழுக்கவும் எண்ணெய். நம் ஊரில் எதைச் சிந்தினாலும் கை தானாக எங்கே போகும்? கொல்லையில் கட்டி வைத்திருந்த பீங்கான் மண்பொடி மூட்டையைப் பிரித்தேன். தரையில் தூவினேன், எண்ணெயைக் குடித்தது, கூட்டி அள்ளினேன். அதோடு நின்றிருக்கலாம். போர்வையைத் தூக்கி, இன்ஜினிலிருந்து வழிகிற எண்ணெயும் நிற்கட்டும் என்று அதன் மேலும் ரெண்டு கை அள்ளி அப்பினேன். பிறகு இன்னும் ரெண்டு கை. நாடகத்துக்குப் போகிறவனுக்குப் பவுடர் போடுகிற மாதிரி போட்டேன். வாசனை தெரியக் கூடாதென்று ஊதுபத்தி வேறு, அதுவும் நீ பாகம் கழுவ வைத்திருந்த மண்ணெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில். அன்று வீடு பற்றி எரியாதது நம் அதிர்ஷ்டம்.

அது வெறும் களிமண் இல்லை என்பது இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? இரும்பையும் கீறும் வெங்கச்சங்கல்லை மாவாக அரைத்துக் கலந்த பொடி. அதைக் கலக்குவதுதான் இத்தனை வருஷமாக என் வேலை.

அவர்கள் வந்தார்கள். உட்கார்ந்தார்கள். நீ பட்டுப் புடவையில் காப்பி கொண்டுவந்தாய். அந்தம்மா நல்லவிதமாகவே பேசினார். வளையல் அளவு பார்ப்பது போல உன் கையைப் பிடித்தார். பிடித்த கையைத் திருப்பினார்.

"என்னாம்மா, நகமெல்லாம் இப்புடிக் கறுத்துக் கெடக்குது?"

நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "காலையில வாழைப்பூ ஆஞ்சுதுங்க. எண்ணெ தடவிக்கிட்டு ஆயின்னா கேக்க மாட்டேங்குது."

"அப்புடியாம்மா?" என்று அவர் உன்னிடம் கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதில் கோபம் இருந்திருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். நான் எங்கே அசிங்கப்பட்டுப் போவேனோ என்கிற பயம்தான் அதில் இருந்தது. "ஆமாங்க, வாழைப்பூதான்" என்றாய்.

"எம் மவனுக்கு வாழைப்பூ வடைன்னா உசுரு" என்று அவர் சிரித்தார். கொட்டகையில் போர்வை போர்த்திய உருவத்தைப் பார்த்து பையனின் அப்பா அது என்னவென்று கேட்டார். "யூனிட்டு மோட்டாருங்க" என்றேன். படிப்பைக் கேட்டார்கள். டிப்ளமா என்பதோடு நிறுத்தி, மேஜை வேலையைப் பற்றி நீட்டி முழக்கினேன். காப்பியைக் குடித்தார்கள். சம்பந்தம் பிடிக்காவிட்டால் நம் பக்கத்தில் கை நனைக்க மாட்டார்கள், அதனால் எனக்கு ஒரே குஷி. வாசல் வரை போய், குனிந்து வழியனுப்பினேன்.

திரும்பி வந்தபோது பட்டுப் புடவையை மடித்துச் செருகிக்கொண்டு நீ இன்ஜின் முன்னால் குந்தியிருந்தாய். போர்வை கீழே கிடந்தது. உள்ளே எண்ணெயும் பொடியும் சேர்ந்து கூழாகியிருந்தது. விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாய். அரைத்த மண் பதமாக இருக்கிறதா என்று நான் பார்ப்பேனே, அதே மாதிரி.

"நறநறங்குதுப்பா" என்றாய். பிறகு, என்னைப் பார்க்காமலே, "இந்தப் பொடி, மண்ணு அரைக்கிற பால்மில்லு இரும்பையே தின்னுடும்னு நீங்கதானப்பா சொல்லுவீங்க" என்றாய்.

சீல் மாற்றி, பேக்கிங் வைத்து மூடுகிற வேலை, முழு இன்ஜினையும் அக்கக்காகப் பிரிக்கும் வேலையாகிவிட்டது. கிராங்க், பிஸ்டன், எல்லாம் வெளியே வந்தன. எண்ணெய் ஓடுகிற ஊசித் துளை ஒவ்வொன்றிலும் நூல் விட்டு இழுத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, சைக்கிள் பம்பால் ஊதினாய். நான் போய், "லைட்டு புடிக்கட்டுமா பாப்பா?" என்று கேட்டேன். "வேணாம்பா, நீங்க போய்ப் படுங்க" என்றாய். மரியாதையாகத்தான் சொன்னாய். லைட்டை அம்மா பிடித்தாள். சங்கிலியை அம்மா இழுத்தாள். 'பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை' என்று முதல்நாள் வரை புலம்பிக்கொண்டிருந்தவள், கையெல்லாம் கரியோடு என்னிடம் வந்து, "உங்களுக்கு எதையும் மறைக்கத்தாங்க தெரியும். கூட நிக்கத் தெரியாது" என்றாள். சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள். நானும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்.

அவள் சொன்னது உண்மை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் அம்மாவோடு யூனிட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாய், ஞாபகமிருக்கிறதா? தலை முதல் கால் வரை வெள்ளை மண் அப்பிய என்னைப் பார்த்து, "அப்பா பொம்மை ஆயிட்டாங்க!" என்று கைதட்டினாய். நான் உன்னை அதட்டினேன். இனிமேல் இங்கே கூட்டி வராதே என்று அம்மாவையும் திட்டினேன். அன்றும் சரி, இன்றும் சரி, யூனிட்டுக் குழாயிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் நான் தெருவுக்குள் நுழைவேன். கையில் ஒட்டுகிற வேலையைச் செய்து சோறு தின்றுகொண்டே அந்த ஒட்டலைக் கண்டு வெட்கப்பட்டவன் நான். என் உடம்பில் இருந்ததைக் கழுவிக்கொண்டேன், உன் விரலில் இருந்ததை வாழைப்பூ என்றேன். உன் நகத்தைப் பார்த்து யார் என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போது யோசித்தால், ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது.

இன்ஜினை நீ ஏற்றினாய். ஸ்டார்ட் செய்தாய். காருக்கடியில் செய்தித்தாளை விரித்து ராத்திரி முழுக்க விட்டு, காலையில் எடுத்துப் பார்த்தாய். ஒரு சொட்டு இல்லை. டாக்டர் வந்தார். தாளைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டார். அதோடு சாவியைக் கொடுத்திருந்தால் முடிந்தது. நீ கொடுக்கவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும். வேலை நடக்கறப்ப இன்ஜினுக்குள்ள மண்ணு பூந்துடுச்சு. முழுசாப் பிரிச்சுக் கழுவிட்டேன். இனிமே ஒண்ணும் ஆவாது. ஆனாலும் உங்களுக்குத் தெரியணும்."

"மண்ணா? எப்புடிம்மா?"

"என் கவனக்குறைவுதான் சார்."

நான் நிலைக்கு உள்பக்கம் நின்றிருந்தேன். நாலு எட்டு வைத்தால் வாசல். 'அது நான் சார், என் பொண்ணு இல்ல' என்று சொல்ல வேண்டியதுதான். வாய் வரை வந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், அவர் டாக்டர், என்னை என்ன நினைப்பார் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. நான் போகவில்லை. அவர் முகம் மாறிப்போய், "சரிம்மா" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் கெட்டவரில்லை. கேட்டவர்களிடம், "நல்ல பொண்ணுதான், கவனம் பத்தல" என்று மட்டும் சொன்னாராம். மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது. உனக்கு உள்ளே இடம் இல்லை என்று ஆயிற்று. அந்தக் காரில் இன்று வரை எண்ணெய் ஒழுகவில்லை, அதை யாரும் பேசுவதில்லை. நீ மேஜை வேலையை விட்டுவிட்டு, பழைய கார்களைப் பிரித்துச் சேர்க்கும் பட்டறை ஒன்று கோயம்புத்தூரில் ஆள் எடுக்கிறது என்று விசாரித்து, எழுதிப்போட்டு, கிளம்பிவிட்டாய். ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கும்போது, சேத்தியாத்தோப்புக்காரர்கள் தேதி குறிக்கக் கேட்கிறார்களே, என்ன சொல்ல என்றேன். "நீங்களே போயி உண்மையச் சொல்லிடுங்கப்பா. நான் சொன்னா உங்க மானம் போவும்" என்றாய். அப்போதும் என் மானத்தைத்தான் நினைத்தாய். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவர்கள் போன் செய்யும்போதெல்லாம் ஆடி கழியட்டும், தை பிறக்கட்டும் என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தேன்.

போன வாரம்தான் போனேன். வெள்ளாற்றுப் பாலத்துக்கிட்டே பஸ்ஸை விட்டு இறங்கி, திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன், ஆனாலும் போய்விட்டேன். உட்காரச் சொன்னார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ இன்ஜின் பிரிக்கிற வேலைதான் செய்கிறாய், அன்று போர்வைக்கு அடியில் இருந்தது அதுதான், அதற்குள் மண்ணைப் போட்டது நான், எல்லாம். அவர்கள் மெக்கானிக் வேலை என்றதும் முகம் சுளிப்பார்கள், நானும் உனக்காக ரெண்டு வார்த்தை ரோஷமாகப் பேசிவிட்டு வரலாம் என்றுகூடப் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அந்தம்மா வேலையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

"வாழைப்பூன்னு அந்தப் பொண்ணு வாயாலதானங்க சொல்லுச்சு?" என்று கேட்டார்.

"எனக்காகச் சொல்லுச்சுங்க. நான் சொன்ன பொய்யி அது."

"நாளைக்கு எம் மவங்கிட்ட யாருக்காகச் சொல்லும்?"

பையனின் அப்பா எழுந்துபோய் வாசல் விளக்கைப் போட்டார். "யோசிச்சு சொல்றோங்க" என்றார். யோசிக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஏதோ சாவு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று நினைத்து, இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

இந்தச் சம்பந்தம் போனதற்கு நீ வருத்தப்படுவாயா, நிம்மதியடைவாயா என்றுகூட எனக்குத் தெரியாது. உன்னிடம் அதையெல்லாம் கேட்டுப் பழகாதவன் நான். ஆனால் உன்னைக் கவனமில்லாதவள் என்று ஒரு வீட்டிலும், பொய் சொல்கிறவள் என்று இன்னொரு வீட்டிலும் எழுதி வைத்துவிட்டேன். உன் வாயிலிருந்து வந்த ரெண்டு பொய்யும் என்னுடையவை. அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, இருந்தாலும் அப்பன் சும்மா இருக்க மாட்டான். யாருடைய மானத்துக்காகவும் இனி உன் வாயால் பொய் சொல்லாதே. எனக்காக நிச்சயமாகச் சொல்லாதே. நான் காப்பாற்றப்பட வேண்டிய ஆள் இல்லை, திருந்த வேண்டிய ஆள்.

இதை டாக்டர் படிப்பார். மேனேஜர் படிப்பார். சேத்தியாத்தோப்பிலும் படிப்பார்கள். டீக்கடையில் சத்தமாகவே படிப்பார்கள், மச்சான் பையன் எங்கே என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்தச் சிவப்புக் காரின் இன்ஜினில் மண்ணை அள்ளிப் போட்டவன் நான். அதைப் பிரித்து, ஒரு துகள் மிச்சமில்லாமல் கழுவி, மறுபடி ஓட வைத்தவள் நீ. இத்தனை நாளும் எவ்வளவோ பேர் என்னிடம், உங்க பொண்ணு என்ன செய்யுது என்று கேட்டுவிட்டார்கள். ஒரு தடவையும் நேராகப் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

என் மகள் மெக்கானிக்.

அப்பா
விருத்தாசலம்